கடுப்பு, இரண்டு நாளாக

மூக்கின் இடது பக்கம், மாஸ்க்கின் விளிம்பு உரசுகிற சரியான இடத்தில், அரிக்கிறது. அரிக்கிறது என்றும் சொல்ல முடியாது, ஊறுகிறது, எறும்பு ஒன்று ஏறுவதா இறங்குவதா என்று நின்று யோசிக்கிற மாதிரி. சொறிய முடியாது. இரண்டு கையும் இப்போது என்னுடையவை இல்லை. வலது கை ரிட்ராக்டர் என்கிற கொக்கியைப் பிடித்திருக்கிறது, இடது கை அந்த வலது கை நழுவாமல் பிடித்திருக்கிறது, ரிட்ராக்டரின் வளைந்த நுனி முத்துப்பேச்சியின் அடிவயிற்றுத் தோலைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, அந்தத் தோலுக்கு அடியில் ஹெப்சிபா மேடத்தின் விரல்கள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு ஐம்பது. வெளியே உடை மாற்றும் அறையில் ஆணியில் என் வெள்ளைக் கோட்டு தொங்குகிறது, அதன் பையில் நாலாக மடித்த ஒரு தாள், தாளில் மூன்று கட்டங்கள், மூன்றும் காலி. பொது சுகாதாரம், சட்டம், மொழியியல். மருத்துவத்தோடு சேர்த்து இரட்டைப் பட்டம், ஏதேனும் ஒன்றில் டிக் செய்யவும், யூனிட் தலைவரின், அதாவது மேடத்தின், ‘ஆட்சேபணை இல்லை’ கையெழுத்து அவசியம், இன்று மாலை ஐந்து மணிக்குள். டிக் அடித்தால் இந்த வருஷம் முடிந்ததும் என் வகுப்பு கடைசி வருஷத்துக்குப் போகும், நான் ஒரு வருஷம் வேறு ஊரில் வேறு படிப்பு படித்துவிட்டு வந்து இப்போதைய ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அடிக்காவிட்டால் தாளை ராக்கெட் செய்து விடலாம். ஒரு வருஷம். எறும்பு ஏறத் தொடங்கிவிட்டது. “செந்திரு, எங்க பாக்கற? இழு,” என்கிறார் மேடம். இழுக்கிறேன். நான்தான் செந்திரு, மூன்றாம் வருஷம், ஹவுஸ் சர்ஜனுக்குக் காய்ச்சல் என்பதால் இன்றைக்கு மட்டும் கொக்கி.

கொக்கிக்கு வாய் கிடையாது, அதுதான் சிரமம். இந்தக் கல்லூரியில் என் பெயர் செந்திரு என்று அட்டெண்டன்ஸ் எடுப்பவருக்கும் மேடத்துக்கும் எதிரே நிற்கிற ஆண்டோ அண்ணனுக்கும்தான் தெரியும், மற்றவர்களுக்கு நான் வக்கீல். விடுதிக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லி வார்டனிடம் மூன்று வாரம் வாதாடியது நான், உடற்கூறியல் தேர்வில் கேள்வியே தப்பு என்று எழுந்து நின்றது நான், கேள்வி சரியாக இருந்தது, அது வேறு விஷயம், ஆனால் மொழிபெயர்த்த விதம் தப்பு, அதை இன்னும் விடமாட்டேன். ஆனால் இங்கே, இந்தக் குளிரில், மெஷின் பிப் பிப் என்று சொல்லிக்கொண்டிருக்க, யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல், நான் எதையும் மறுக்காமல், ஒரு தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது. கொழுப்பு இப்படிப் பிரகாசமான மஞ்சளாக இருக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதற்கு அடியில் வெள்ளையாக, புது வேட்டியின் மடிப்பு மாதிரி, தசையை மூடிய உறை, நடுவில் பழைய ஆபரேஷன் தையல் விட்டுப்போன ஓட்டை, அதன் வழியாகத்தான் முத்துப்பேச்சியின் குடல் நாலு வருஷமாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்தால் முத்துப்பேச்சியின் வயிறு, நிமிர்ந்தால் பச்சைத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் முத்துப்பேச்சியின் பேச்சு. முதுகில்தான் ஊசி போட்டிருக்கிறது, மார்புக்குக் கீழேதான் மரத்திருக்கிறது, வாய்க்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை. “ஏ தம்பி, தைச்சாச்சா?” மயக்க மருந்து டாக்டர் பொறுமைசாலி. “இன்னும் சரியாத் தொறக்கவே இல்லம்மா.” “அப்ப மெதுவாச் செய்யட்டும், எனக்கென்ன அவசரம்? வீட்டுக்குப் போனா நாத்தனா மூஞ்சியப் பாக்கணும்.”

சட்டத்திலேயே டிக் அடி என்கிறாள் ஃபாயிஸா. “ஏற்கெனவே பாதி முடிச்சிட்டடி, மீதிக்கு சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிக்க.” ஃபாயிஸா என் அறைத்தோழி, காயல்பட்டினத்துக்காரி, முதல் வருஷத்திலிருந்து ஒரே அறை, ஒரே கொசுவத்தி. மற்ற எல்லோரும் பொது சுகாதாரம் என்கிறார்கள், அதற்குத்தான் வேலை இருக்கிறது, அதற்குத்தான் வெளிநாடு, அதற்குத்தான் நாளைக்கு ஒரு மேஜையும் நாற்காலியும். மூன்றாவது கட்டத்தை யாரும் படிக்கக்கூட இல்லை. மூன்று கட்டம் இருந்தால் மூன்றாவது அச்சுப்பிழை என்று நினைத்துவிடுவார்களோ என்னவோ. நான் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், பன்னிரண்டு நாளாக, ஒரு சொல்லால், ஒரே ஒரு சொல்லால், அதை நினைத்தால் இந்தக் குளிரிலும் காது சூடாகிறது. வேண்டாம், இப்போது நினைக்க வேண்டாம், ரிட்ராக்டர், தோல், இழு. ஆனால் வேண்டாம் என்று சொன்னதும் முதலில் வந்து உட்காருவது அதுதான்.

அன்றைக்கு முத்துப்பேச்சியிடம் நோய்விவரம் கேட்டு கேஸ் ஷீட் எழுதியது நான். வயது ஐம்பத்திரண்டு, பீடி சுற்றும் வேலை, இருமினால் வயிறு புடைக்கிறது, எல்லாம் ஒழுங்காக எழுதினேன், என் கையெழுத்து வேறு அழகு. கடைசியில், வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா என்று கேட்டேன். அடுத்த கட்டிலுக்கு யாரோ ஓர் ஆள் சாப்பாடு கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தார். முத்துப்பேச்சி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலை இறக்கிச் சொன்னாள்: “ரெண்டு நாளா ஒரே கடுப்பா இருக்கு தாயி.” எனக்கு அவள்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. முதல்முறையாக ஒரு நோயாளி மனசில் இருப்பதைச் சொல்கிறாள், அதுவும் என்னிடம். “எனக்கும்தான்மா,” என்றேன். “இந்த வார்டுக்கு வந்தாலே எனக்கும் கடுப்பாத்தான் இருக்கு.” அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் ஓர் இரக்கம். என் மணிக்கட்டைத் தொட்டு, இன்னும் குரலை இறக்கி, “நல்லாத் தண்ணி குடி தாயி,” என்றாள். நான் தலையாட்டினேன். வெயில் காலம், அன்பான மனுஷி என்று நினைத்தேன். பிறகு கேஸ் ஷீட்டில், அழகான ஆங்கிலத்தில், இரிட்டபிள், டூ டேஸ் என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு! அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தப்பாக எழுதுவது மனித இயல்பு, அடிக்கோடு போடுவது நான்.

மறுநாள் ரவுண்ட்ஸில் மேடம் அந்த வரியில் நின்றார். மேடம் சத்தமாகப் படிக்கிற ஆள் இல்லை, அன்றைக்குப் படித்தார். “இரிட்டபிள். டூ டேஸ்.” நிமிர்ந்து முத்துப்பேச்சியைப் பார்த்தார், அவள் தலையணையில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், உலகத்திலேயே சாந்தமான முகம். “என்ன பேச்சி, யார் மேல கோவம்?” “எனக்கு யார் மேல டாக்டரம்மா கோவம்?” மேடம் அந்த ஆங்கிலத்தைத் தமிழுக்குத் திருப்பிப் பார்த்தார். “கடுப்பா இருக்குன்னு சொன்னியாம்லா?” “ஆமா, நீரு போகையில கடுக்கு. இந்தப் புள்ளைட்ட சொன்னேன். அதுக்கும் இருக்குன்னுச்சு. பாவம், வயசுப் புள்ள.” பதினோரு பேர் சிரித்தார்கள், எண்ணினேன், பி.ஜி. படிக்கிற ஆண்டோ அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தார், அது இன்னும் மோசம். அப்போதும் நான் சும்மா இருந்திருக்கலாம். நானாவது, சும்மாவாவது. “மேடம், அவங்க நீர்ங்கற வார்த்தையையே சொல்லல. மொட்டையா கடுப்புன்னு சொன்னா நான் எதைன்னு நினைக்கிறது?” மேடம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “தமிழ்ல எவ்வளவு மார்க் எடுத்த?” “தொண்ணூத்தெட்டு மேடம்.” “அந்த மிச்சம் ரெண்டு மார்க் இதுதான் போல,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சிறுநீர்ப் பரிசோதனையில் நிறையச் சீழ் அணுக்கள். ஆபரேஷன் ஒத்திப்போனது. வயிற்றுக்குள் வலை வைத்துத் தைக்கிற ஆபரேஷன், உடம்பில் கிருமியை வைத்துக்கொண்டு வலையை வைத்திருந்தால், வலையிலும் அது போய் உட்கார்ந்திருந்தால், அதை எடுக்க மறுபடி திறந்து, மறுபடி, இந்த மஞ்சள், இந்த வெள்ளை எல்லாம், இதோ இந்த இடம், நான் தூக்கிப் பிடித்திருக்கிற இதே இடம். ரிட்ராக்டர் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. “இழு,” என்கிறார் மேடம், கோபம் இல்லாமல். இழுக்கிறேன். அவர் அந்த வரியில் நிற்காமல் போயிருந்தால்? எத்தனை கேஸ் ஷீட்டில் எத்தனை வரிகள் யாரும் நின்று படிக்காமலே போகின்றன?

மூக்கு இப்போது பரவாயில்லை, அல்லது பழகிவிட்டது. மூன்று இருபது. ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கிற காட்டரியின் முனையிலிருந்து ஒரு மெல்லிய புகை எழுந்து விளக்கில் கரைகிறது. அன்றைக்கு விடுதிக்குப் போய் நான் அழவில்லை, கோபமாக இருந்தேன், முதலில் முத்துப்பேச்சி மேல், பிறகு மேடம் மேல், பிறகு தமிழ் மேல், பிறகு அம்பத்தூர் மேல். அம்பத்தூரில் பத்தொன்பது வருஷம் வளர்ந்தேன், அங்கே யாருக்கும் எதுவும் கடுக்காது. கடுப்பு என்றால் பஸ் வராதது, கடுப்பு என்றால் கணக்கு டீச்சர். ஃபாயிஸாவிடம் கேட்டேன், “உங்க ஊர்ல கடுப்புன்னா என்னடி?” “எந்தக் கடுப்பு? கை கடுப்பா, நீர்க்கடுப்பா, உன்மேல வர்ற கடுப்பா?” மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எரிச்சல்: எனக்கு அது வீடியோ நடுவில் வருகிற விளம்பரம், வார்டில் அது வயிறு. குடைச்சல்: எனக்கு அது போனில் விடாமல் கூப்பிடுகிற சித்தி, வார்டில் அது காது. உளைச்சல்: எனக்கு முன்னால் மனம் இல்லாமல் அந்தச் சொல் வந்ததே கிடையாது, மன உளைச்சல், வார்டில் ஏழாம் கட்டில் அம்மாவுக்குக் கால் உளைகிறது, மனசெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அத்தனை சொல்லும் உடம்பைக் காலி செய்துவிட்டு மனசுக்குக் குடிபோய்விட்டன, எங்கள் தெருவில், எங்கள் வயசில், யாரையும் கேட்காமல். உடம்புக்கு மிச்சம் வைத்தது ஒரே ஒரு சொல், வலி, அதையும் நாங்கள் பெயின் என்கிறோம். அப்புறம் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, அந்தச் சொற்களை இன்னும் உடம்பிலேயே வைத்திருக்கிறவர்களிடம், உங்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று சலித்துக்கொள்கிறோம். இது அநியாயம் இல்லையா? இதைவிடப் பெரிய அநியாயம் இந்த ஆஸ்பத்திரியில் வேறு என்ன இருக்கிறது, சரி, நிறைய இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, ஆனாலும்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் அந்த வார்டில் இருநூறு பக்க நோட்டோடு திரிந்தேன். முத்துப்பேச்சிக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது, அவளுக்கும் பொழுது போகவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போனதில் நாத்தனார் மகள் சடங்குக்குப் போக முடியாமல் ஆகிவிட்டது என்பதற்காக எனக்கு நன்றியே சொன்னாள். “உன்னாலதான் தப்பிச்சேன் தாயி. போயிருந்தா ஆயிரம் சொல்லிருப்பா.” பக்கத்துக் கட்டில்களையும் அவளே கூட்டிவந்தாள், ஏ வாங்கட்டி, இந்தப் புள்ளைட்ட நோவெல்லாம் சொல்லுங்க, எழுதிக்கிடுதாம் என்று. மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்கு, நெஞ்சு கரிக்கு, வயிறு பொருமுது, கண்ணு உறுத்துது. எழுபத்து மூன்று சொல் சேர்ந்தது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டுதான், காலிக் கட்டங்களோடு அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு, நேற்று மதியம் மேடத்தின் அறைக்குப் போனேன். மேடம் டிஃபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். தாளைப் படித்தார், நோட்டைப் புரட்டினார். “மொழியியலா?” “ஆமா மேடம்.” “அதான் நோட்டுப் போட்டு எழுதியாச்சே. அது போதாதா? அதுக்கு எதுக்கு ஒரு வருஷம்?” நான் வாயைத் திறந்தேன். வக்கீல், தாழ்ப்பாள் வழக்கில் வென்றவள், வாயைத் திறந்தபடி நின்றேன், டிஃபன் பாக்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேடம் மூடியைத் துடைத்தார். “ஆட்சேபணை இல்லைன்னு போடறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. எதுக்குன்னு சொல்லு, போடறேன். நாளைக்கு பேச்சி கேஸ். ஆள் இல்ல, நீ கை வாஷ் பண்ணி தியேட்டருக்கு வா.” நோட்டு போதாதா. நேற்று மதியத்திலிருந்து இந்த இரண்டு சொல் என் பின்னாலேயே வருகிறது, மெஸ்ஸுக்கு, குளியலறைக்கு, தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கமும். அது நல்ல கேள்வி என்பதுதான் கோபம்.

காலையில் அம்மாவிடம் பேசினேன். அம்மா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், பேசும்போது பின்னாலிருந்து எப்போதும் விசில் சத்தம் கேட்கும். “ஒரு வருஷம் லேட்டாகும்மா.” “லேட்டானா டாக்டர் ஆக்க மாட்டாங்களா?” “ஆக்குவாங்க.” “அப்புறம் என்ன? ஆனா உங்க சித்தி கேட்டா என்ன சொல்ல? தமிழ் படிக்கறதுக்கு எதுக்கு டாக்டர் சீட்டுன்னு கேப்பா.” “தமிழ் இல்லம்மா, மொழியியல்.” “அது இன்னும் மோசம், அவளுக்குப் புரியாது, ரெண்டு நாள் எனக்கு குடைச்சல் குடுப்பா.” பார், குடைச்சல். “நான் சித்திகிட்ட பேசிக்கறேன்மா.” “ஐயோ, நீ பேசினாத்தான் பிரச்சினையே,” என்று யாரையோ பார்த்து விசில் ஊதினாள். அம்மாவுக்குக் கவலை இல்லை, அம்மாவுக்கு ஓடுகிற பிள்ளை எந்தப் பக்கம் ஓடினாலும் சரி. என் கவலை ஃபாயிஸாதான். நேற்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம், விளையாட்டாகத்தான் கேட்டாள், “அப்ப கடைசி வருஷம் என்கூட யாருடி இருப்பா?” நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, கிளிப்புகளை ஒவ்வொன்றாக வாளியில் போட்டாள், டக், டக், டக். ஒரு வருஷம் என்பதை நான் படிப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன், அது ஒரு கட்டில், அந்தக் கட்டிலில் வேறு யாரோ, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேறு யாரோ அவளுக்குத் தட்டு எடுத்து வைப்பார்கள், நான் திரும்பி வரும்போது அவள் ஹவுஸ் சர்ஜன், இதே தியேட்டரில் இதே ரிட்ராக்டரோடு, அவளை அக்கா என்று கூப்பிட வேண்டிவருமோ. கூப்பிடுகிறேனே, என்ன கெட்டுப்போகிறது. அக்கா, எனக்கும் ஒரு கொக்கி குடுங்க. மாஸ்க்குக்குள் சிரிப்பு வருகிறது. மாஸ்க்குக்குள் சிரித்தால் யாருக்கும் தெரியாது.

சரி, எதிர்த்தரப்பு வாதம். மேடத்திடம் ஜெயிப்பதற்காகவா ஒரு வருஷம்? அந்தப் பதினோரு பேர் சிரித்ததற்காகவா? அந்த இரண்டு மார்க்குக்காகவா? செந்திரு, உண்மையைச் சொல், கோர்ட்டில் நிற்கிறாய். கொஞ்சம் அதற்காகவும்தான். சரி, கொஞ்சம். இன்னொன்று: மருத்துவத்திலிருந்து நழுவப் பார்க்கிறாயா? தப்பு செய்தவள் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்துகொள்வது மாதிரி? அந்தக் கேள்வி வந்ததும் நான் பயந்துதான் போனேன், இரண்டு நாளாக அதைத் தொடவே இல்லை. இப்போது தொடுகிறேன், இங்கே, இந்த விளக்குக்கு அடியில். மேடம் வலையை விரிக்கிறார், கொசுவலைத் துண்டு மாதிரி, மெல்லியது, நான்கு மூலையிலும் தையல், ஊசி போய் வளைந்து வெளியே வருகிற இடம் ஒவ்வொரு தடவையும் முன்பே முடிவு செய்த மாதிரி சரியாக இருக்கிறது. ஆண்டோ அண்ணன் நூலை வெட்டுகிறார். அந்தப் பக்கம் முத்துப்பேச்சி மயக்க மருந்து டாக்டருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை விட்டு யாராவது நழுவுவார்களா? நான் இங்கேதான் இருக்கப் போகிறேன், இது எனக்குத் தெரிகிறது, பசி எடுப்பது தெரிகிற மாதிரி சாதாரணமாகத் தெரிகிறது. அப்படியானால் ஒரு வருஷம் போய்விட்டு இங்கேதான் வரப்போகிறேன். அப்படியானால் பயம் ஒன்றும் இல்லை. அப்படியானால் மிச்சம் அந்தக் கேள்விதான். நோட்டு போதாதா. போதும் போலத்தான் இருக்கிறது. எழுபத்து மூன்று சொல், எதிரே அர்த்தம், யாருக்கு வேண்டுமானாலும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுக்கலாம், ஒரு டிக்கும் வேண்டாம், ஃபாயிஸாவின் பக்கத்துக் கட்டிலிலேயே இருக்கலாம். மூன்று ஐம்பத்தைந்து. போதும் என்றே வைத்துக்கொள்ளலாம். ராக்கெட்.

கை. கையை மறந்தே போயிருந்தேன். இது எப்போது ஆரம்பித்தது? மணிக்கட்டுக்கு மேலே ஏதோ. வலி என்று முதலில் வருகிறது, இல்லை, வலி வேறு, வலி ஓர் இடத்தில் இருக்கும், இது நீளமாக இருக்கிறது, எலும்புக்குள்ளே யாரோ ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி, பிழிகிற மாதிரி. மரத்துப்போனதா? இல்லை, நன்றாகத் தெரிகிறது. குத்தவில்லை, எரியவில்லை, தெறிக்கவில்லை. எழுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறேன், கடையில் செருப்பு போட்டுப் பார்க்கிற மாதிரி. ரிட்ராக்டரின் நுனி நடுங்க ஆரம்பிக்கிறது, விளக்கின் ஒளி அதில் துள்ளுகிறது, மேடம் ஊசியை நிறுத்திக்கொண்டு, நிமிராமல், “என்ன, கை வலிக்குதா?” என்று கேட்கிறார். “இல்ல மேடம், கடுக்குது,” என்கிறேன். நான் தேடவில்லை. அது தானாக வந்தது, அம்பத்தூரைத் தாண்டி, கணக்கு டீச்சரைத் தாண்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக என் கையில் வந்து உட்கார்ந்தது. பிறகு ஆண்டோ அண்ணனின் தோள் குலுங்குகிறது. மேடத்தின் மாஸ்க் லேசாக அசைகிறது. “ஆண்டோ, கேஸ் ஷீட்ல எழுதிக்கோ,” என்கிறார். “இரிட்டபிள்.”

கருவி எடுத்துக் கொடுக்கிற சிஸ்டர் வாய்விட்டுச் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், என்னால் முடிகிறது, அதிசயம். அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல்: “யாருக்கு, அந்தப் புள்ளைக்கா? இன்னுமா கடுக்கு? அன்னைக்கே சொன்னேம்லா, நல்லாத் தண்ணி குடி தாயின்னு.” “அம்மா, அது இல்ல,” என்று கத்துகிறேன், திரையைப் பார்த்து, “கைம்மா, கை! கை கடுக்குது!” “கையா?” முத்துப்பேச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. “அப்ப கைன்னு சொல்லணும்லா! மொட்டையா கடுக்குன்னு சொன்னா நான் எதைன்னு நினைக்க?” யாரும் சிரிப்பதற்கு முன்னால் எனக்குள் ஏதோ சட்டென்று நின்றுவிட்டது. இது என் வாக்கியம். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ரவுண்ட்ஸில் நான் கத்திய அதே வாக்கியம். கடுப்பு அவள் சொல், பிறந்ததிலிருந்து அவள் வீட்டில் இருக்கிற சொல், நான்தான் நேற்று வந்தவள், ஆனாலும் அவளே தவறிவிட்டாள், ஏனென்றால் யார் சொன்னார்கள், எந்த வயசில், எந்தக் குரலில், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அது எந்தக் கடுப்பு என்று முடிவாகிறது. என்னை ஒரு தடவை தண்ணீர் குடிக்காத வயசுப் பிள்ளை என்று முடிவு செய்துவிட்டாள், அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அதுதான் கேட்கிறது. நான் அவளை மனம் திறந்து பேசுகிற நோயாளி என்று முடிவு செய்த மாதிரியே. நோட்டில் ஏழாம் பக்கம், கடுப்பு, எதிரே ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எனக்குப் பின்னால் வருகிற பிள்ளை இன்னும் தைரியமாகத் தப்பு செய்யும், அடிக்கோடு போட்டு. “நோட்டு பத்தாது மேடம்,” என்கிறேன்.

மேடம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். “ஏன்?” “நோட்டுல சொல்லு மட்டும்தான் இருக்கு. அவங்க எப்படிச் சொன்னாங்க, யார்கிட்ட சொன்னாங்க, நான் எதைக் கேக்காம விட்டேன், அது ஒண்ணும் இல்ல. அதை எப்படி எழுதறதுன்னே எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்ககிட்டப் போய் ஒரு வருஷம் உக்காரணும்.” இவ்வளவுதான். மூன்று உதாரணம் தயாராக இருந்தது, சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நானே கவனிக்கிறேன். மேடம் கத்தரி என்கிறார், நூல் வெட்டுப்படுகிறது, இன்னொரு தையல், இன்னொரு முடிச்சு, மெஷின் பிப் பிப், முத்துப்பேச்சி அந்தப் பக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் முழுசாகச் சொல்லத் தெரியவில்லை என்று மயக்க மருந்து டாக்டரிடம் முறையிடுகிறாள். நாலு பத்து. “அஞ்சு மணி வரைக்கும்தானே?” என்கிறார் மேடம். “ஆமா மேடம்.” “இன்னும் மூணு தையல். பேனா உன்கிட்ட இருக்கா?” “கோட்டுல இருக்கு மேடம்.” “அப்ப அதுவரைக்கும் அசையாம பிடி.” பிடிக்கிறேன். ஃபாயிஸாவிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும், துணி மடிக்கும்போது இல்லை, நேராக, உட்கார வைத்து. மூக்கு மறுபடி ஊறுகிறது, ஊறட்டும். மூன்றாவது கட்டத்தில் போடப்போகிற டிக் நிச்சயம் கோணலாகத்தான் வரும், ஏனென்றால் கடுக்கிறது. கை, வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும், அரைமணி நேரமாக.